காத்தாயி படி

காத்தாயிக்கு இரண்டு முழங்காலும் சேர்ந்து வலிப்பது அபூர்வம். ஒன்று வலித்தால் மற்றதில் பாரத்தைப் போட்டு நடந்துவிடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒன்றாக வலித்தன. கடைசி மணல் சாக்கை மேல் லயத்து முகப்பில் தலையிலிருந்து இறக்கியதும் கழுத்து நரம்பு விண்ணென்று தெறித்தது. நிற்க முடியாமல், அப்போதுதான் பூசி முடித்த கடைசிப் படியிலேயே உட்காரப் போனாள்.

“அக்கா, அங்க உக்காராதீங்க! இன்னும் காயல!” என்று கீழேயிருந்து டீச்சர் நதா கத்தினாள்.

“நானும் காயத்தான் உக்கார்றேன்” என்று சொல்லிவிட்டுக் காத்தாயி பக்கத்துப் புல்லில் சாய்ந்தாள்.

மணல் சுமந்த பெண்கள் சாக்குகளை உதறிக்கொண்டே சிரித்தார்கள். எல்லோருக்கும் உடம்பு வலித்தது. எல்லோருக்கும் சந்தோஷமாகவும் இருந்தது. படி முடிந்துவிட்டது.

எல்கடுவை ரோட்டோரத்தில் கீழ் லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள். அங்கிருந்து தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஏறினால் மேல் லயம். இடையில் இருந்ததை வழி என்று சொல்வது பாவம். மழைத் தண்ணீர் இறங்கும் சறுக்கல் அது. ஆட்களும் அதிலேயே இறங்கினார்கள். அதில் விழாதவர் மேல் லயத்தில் யாரும் இல்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் விழுந்திருக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளைக் கம்பளியில் கட்டித் தூக்கியவர்கள் விழுந்திருக்கிறார்கள். ஒரு தடவை சவப்பெட்டியே விழுந்தது. அன்றைக்கு அடிபடாதவர் பெட்டிக்குள் இருந்தவர் மட்டும்தான் என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள்.

படிக்குச் சீமெந்து கேட்டு மாத்தளையில் ஓர் அலுவலகத்துக்குப் போய்ப் போய் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி டொறீன், பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள், மாதர் சங்கத் தலைவி. மற்றவள் காத்தாயி. கடைசியாகப் போன நாள் அடைமழை. காத்தாயி முழங்கால் வரை சேற்றோடு பஸ் ஏறி, கழுவாமல் கொள்ளாமல் நேரே உள்ளே போய் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா இது, இவ்வளவு சேறு?” என்று அங்கிருந்த சிங்கள ஐயா தனக்குத் தெரிந்த தமிழில் பதறினார்.

“இது சேறு இல்லீங்கய்யா, எங்க ரோடு. நீங்கதான் வந்து பாக்க முடியலயே. அதான் கொஞ்சம் கொண்டாந்திருக்கோம்.”

அடுத்த மாதம் சீமெந்து வந்தது. வேலைக்குக் கூலி வரவில்லை. இரண்டு லயத்து ஆட்களும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துக் கட்டினார்கள். ஆம்பளைகள் கல் பொறுக்கி அடுக்கிச் சீமெந்து குழைத்தார்கள். ரோட்டோரத்தில் கொட்டிய மணலை மேலே ஏற்றியது காத்தாயியின் கொழுந்து கேங், அவளோடு கொழுந்து பறிக்கும் மேல் லயத்துப் பெண்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவளை யாரும் காத்தாயி என்று கூப்பிடுவதில்லை. தோட்டம் முழுக்க அவள் சின்னக் காத்தாயி. பதினெட்டு வயதில் வேலைக்குப் பெயர் பதிய வந்த அன்று, அப்போதிருந்த கணக்கப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஏற்கெனவே ஒரு காத்தாயி இருக்கா. அவ பெரிய காத்தாயி, நீ சின்னக் காத்தாயி” என்றார். தோட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அப்படித்தான். மூன்றாவதாக ஒருத்தி வந்தால் அவள் புதுக் காத்தாயி. ஆனால் பெரியவள் செத்துவிட்டால் சின்னவள் பெரியவள் ஆவதில்லை. யாருக்கும் அதை மாற்றத் தோன்றுவதில்லை. பெரிய காத்தாயியைப் புதைத்த இடத்தில் இப்போது கருப்பந்தேயிலைப் புதர் ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது. சின்னக் காத்தாயிக்குத் தலை வெளுத்து, முன்பல் ஒன்று போய், மருமகனுக்கே தொந்தி விழுந்துவிட்டது. இன்னும் சின்னவள்தான்.

வருகிற வருஷம் அவளுக்கு அறுபது. வேலைப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதற்குள் ஒரு நாளாவது, விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், ‘காத்தாயி’ என்று மட்டும் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. இப்போதைய கணக்கப்பிள்ளை ஷியாம், அவள் தூக்கி வளர்த்த பையன். அவனிடமே கேட்டுப் பார்த்தாள்.

“தம்பி, அந்த ‘சின்ன’வ எடுத்துருங்களேன்.”

“நானா வச்சேன்? எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தான்க்கா. வாய் பழகிருச்சு.”

“ஒங்க வாய் பழகுனதுக்கு நான் செறுசாக் கெடக்கணுமா?”

“இன்னும் ஒரு வருஷந்தானே. விடுங்க.”

வீட்டில் சொன்னால் புருஷன் செல்லச்சாமி அதற்கும் மேலே. “ஒனக்கு என்னா கொறை? வருஷம் போகப்போக சின்னவளாவே இருக்க. டவுன் பொம்பளைங்க இதுக்குத்தான் க்ரீம் வாங்கிப் பூசிச் சாகுறாளுக” என்பான்.

படிக்கு ஒரு பெயர் வேண்டும் என்று முதலில் சொன்னவள் டொறீன். திறப்பு விழாவுக்கு மாத்தளை ஐயா வரப்போகிறார், போர்டு இல்லாமல் எப்படி என்றாள். பிள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டார்கள். தொட்டில்களுக்கு நடுவே நின்றுகொண்டு ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். சாமி பேர் வைத்தால் சேர்ச்சுக்காரர்கள் கோபிப்பார்கள், மாதா பேர் வைத்தால் கோயில்காரர்கள் கோபிப்பார்கள். அரசியல்வாதி பேர் வைத்தால் எல்லோரும் கோபிப்பார்கள். அப்போது பின்னாலிருந்து யாரோ, “காத்தாயி படின்னு வச்சா என்னா?” என்றார்கள்.

கைதட்டல் கூரையில் மோதியது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழத் தொடங்கின. ஒருவர்கூட மறுக்கவில்லை. காத்தாயி தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியை முறுக்கினாள். சேறு பூசிய நாற்காலியை மறக்கவில்லையே இந்த ஆட்கள் என்று நினைத்தாள். அன்றிரவு சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில் வயிறு நிறையும் என்று யாராவது அதுவரை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் கொழுந்து நிறுக்கிற நேரம் வரைதான்.

தராசுக்குப் பக்கத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டுக் கிறிஸ்தோபர் இறங்கினான். கீழ் லயத்துக்காரன், டிராக்டர் டிரைவர். அப்பா காலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பம். செல்லச்சாமியை அண்ணன் என்று கூப்பிடுவதால் காத்தாயி அவனுக்கு மயினி.

“எங்க அத்தை போட்டோவ பெருசு பண்ணக் குடுத்துட்டேன்” என்றான். “ஃபிரேம் போட்டு மாலை போட்டு படிக்குக் கீழ வைக்கணும். கங்காணி தலையில கூடையக் கவுத்தவ பேருக்கு இப்பத்தான் ஒரு மரியாதை வந்திருக்கு.”

அவனுடைய அத்தைதான் பெரிய காத்தாயி. கொழுந்து நிறுவையில் தினமும் அள்ளிக் கழித்துக்கொண்டிருந்த ஒரு கங்காணியின் தலையில், கொழுந்தோடு கூடையைக் கவிழ்த்து, “இப்ப நிறுத்துப் பாரு, எவ்வளவு கழியுதுன்னு” என்று கேட்டவள். துரையே பங்களா வாசலில் நின்று சிரித்தார் என்றும், சிரித்துவிட்டு அவளைத் தோட்டத்தை விட்டே நிறுத்தினார் என்றும், மலைக்கு ஒருவரும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து அவளைத் திரும்ப எடுக்கவைத்தார்கள் என்றும் சொல்வார்கள்.

“ஒங்க அத்தையா?” என்றாள், பள்ளி விட்டு அந்த வழியே வந்த நதா. மேல் லயத்துப் பெண், பாலர் பள்ளி டீச்சர். “கூட்டத்துல நாங்க கை தட்டுனது வழிநடைக் காத்தாயிக்கு. மேல் லயத்துல கல்லு வச்சு சூடம் கொளுத்துறோமே, அந்தக் காத்தாயி. பிள்ளைங்களுக்கு நாடகமே பழக்க ஆரம்பிச்சுட்டேன்.”

அந்தக் காத்தாயி இரண்டு பேருக்கும் மூத்தவள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்த கூட்டத்தில் ஒருத்தி. காய்ச்சலில் விழுந்த ஒருத்தியை விட்டுவிட்டு வா என்று கங்காணி சொன்னபோது, கேட்காமல் முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தாளாம். எங்கிருந்து தூக்கினாள் என்பதுதான் தகராறு. பழைய ஆட்கள் நாலந்தாவிலிருந்து என்றார்கள். பிறகு அது இன்னும் தள்ளி நாவுல ஆனது. நதாவின் நாடகத்தில் தம்புள்ளையிலிருந்தே தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இன்னும் ரெண்டு வருஷத்துல அனுராதபுரத்துலருந்து தூக்கிருவா ஒங்க காத்தாயி” என்றான் கிறிஸ்தோபர்.

“ஒங்க அத்தை மட்டும்? எங்கம்மா காலத்துல ஒரு கூடை. இப்ப நீங்க ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் கங்காணி மூணு கூடைக்கு அடியில முழிக்கிறான்!”

ஆட்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, தராசை மறந்து கத்தினார்கள். காத்தாயி தன் கொழுந்துச் சாக்கைப் பிடித்தபடி நடுவில் நின்றாள். கீழ் லயம் ஒரு காத்தாயியைச் சொன்னது, மேல் லயம் ஒரு காத்தாயியைச் சொன்னது. இரண்டு பேரும் மண்ணுக்குள் இருந்தார்கள். மண்ணுக்கு மேலே நின்றவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய கேங்கில் ஒன்றிரண்டு பேர் மட்டும், “ஏன், நம்ம அக்கா இல்லையா? சீமெந்து யாரு கொண்டாந்தா?” என்று முணுமுணுத்தார்கள்.

“யாரு, சின்னக் காத்தாயியா?” என்று ஒருவன் கேட்டான். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதிக்கொண்டே செல்லச்சாமியிடம் சொன்னாள். “உசுரோட இருக்கறது தப்பாப் போச்சு.”

“அவசரப்படாத” என்றான் அவன். “எல்லாம் வரிசையாத்தான் நடக்கும்.”

ஊதுகுழாயை அவன்மேல் எறிந்தாள். அவன் தடுத்துப் பிடித்துச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதில் இன்னும் கோபம் வந்தது.

டொறீனுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்தது. போர்டில் ‘பெரிய காத்தாயி’ என்று போட வேண்டும் என்றது கீழ் லயம். ‘வழிநடைக் காத்தாயி’ என்று போட வேண்டும் என்றது மேல் லயம். டொறீன் காதைப் பொத்திக்கொண்டாள். “ஒரு அடைமொழியும் கெடையாது. வெறும் காத்தாயி. யாருக்கு எந்தக் காத்தாயியோ அத நெனச்சுக்கிட்டு ஏறுங்க” என்று சொல்லிவிட்டு, கோயிலுக்குப் பின்னாலிருக்கும் பாறைமேல் ஏறினாள். போனுக்கு சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். அங்கேயும் காற்று அடித்தால் அறுந்து அறுந்து வரும்.

உக்குவளையில் போர்டு எழுதும் முஸம்மிலைக் கூப்பிட்டாள். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“முஸம்மில் நானா, எல்கடுவை டொறீன் பேசுறேன். ஒரு போர்டு வேணும்.”

“செல்லுங்க தங்கச்சி. என்ன எழுத?”

“பெருசு வேணாம் நானா, இங்க காத்துக்கு நிக்காது. சின்ன… காத்தாயி படின்னு…”

“என்னா? கேக்குதில்ல!”

“சின்ன! சின்ன! காத்தாயி படி!”

“ஆ, வெளங்குது, வெளங்குது. மூணு பாஷையிலயுமா?”

“மூணுலயும் போடுங்க!”

“சரி. சனிக்கெழம நானே கொண்டாறன்.”

டொறீன் நிம்மதியாகப் பாறையிலிருந்து இறங்கினாள்.

சனிக்கிழமை பகல் வேலை விட்டு ஆட்கள் இறங்கும் நேரம், முஸம்மிலின் த்ரீவீலர் உறுமிக்கொண்டு வந்து படிக்குக் கீழே நின்றது. அவர் இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முதுகைப் பிடித்தார். “படியக் கட்டின மாதிரி இந்த ரோட்டையும் நீங்களே கட்டிப்போடுங்க. என்ட இடுப்பு கழண்டு போச்சு” என்றார். பின் சீட்டிலிருந்து, பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய போர்டை எடுத்துப் படியின் கைப்பிடிக் கல்லில் சாய்த்து வைத்தார். இரண்டு லயமும் கூடிவிட்டது. கிறிஸ்தோபர் முன்னால் நின்றான். நதா பிள்ளைகளோடு வந்தாள். காத்தாயி கூடையோடு பின்னால் நின்றாள்.

முஸம்மில் விரிப்பை இழுத்தார். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. நதாதான் சத்தமாகப் படித்தாள்.

“சின்னக் காத்தாயி படி.”

காத்தாயியின் கேங் கத்திய கத்தலில் கீழ் லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. நாலு பேர் சேர்ந்து அவளைத் தூக்கினார்கள். “எங்க அக்கா பேருடோய்!” கூடை உருண்டது. “எறக்குங்கடி, முட்டி, முட்டி!” என்று அவள் அலறினாள்.

“சிங்களத்துல என்னா போட்டிருக்கு?” என்று யாரோ கேட்டார்கள். ஷியாம் குனிந்து படித்தான். “பொடி காத்தாயி.”

“பொடியா?” என்றான் செல்லச்சாமி. “ஃபேக்டரித் தூசு மாதிரியா?”

“சிங்களத்துல பொடின்னா சின்னது மாமா. இங்கிலீஷ்லயும் ஸ்மோல் காத்தாயி.”

“பாத்தியா புள்ள, மூணு பாஷையிலயும் நீ செறுசு!”

டொறீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். “நானா, நான் சின்ன போர்டுன்னுதானே சொன்னேன்!”

“போர்டுன்னு எங்க சென்னீங்க? சின்ன, சின்னன்னு ரெண்டு தரம் கத்தினீங்க. பிறகு காத்தாயி படின்னீங்க. நான் கேட்டதத்தான் எழுதி ஈக்கன்.” முஸம்மிலுக்கும் ரோஷம் வந்துவிட்டது. “போர்டு பெருசாத்தான் ஈக்கு, பாருங்க. என்ட கையால வந்த நல்ல எழுத்து.”

அது உண்மைதான். எழுத்து முத்து முத்தாக இருந்தது. போர்டும் ஒரு கதவு அளவுக்கு இருந்தது.

“இது எந்த ஊரு நியாயம்?” என்று கிறிஸ்தோபர் கத்தினான். “சின்னவளுக்கு போர்டு, பெரியவளுக்கு நாமமா? அந்த ‘சின்ன’வ அழிங்க நானா!”

“அழிச்சா கை இருக்காது!” என்றது காத்தாயியின் கேங்.

“அழிக்கணும்” என்றாள் நதாவும், காத்தாயியைப் பார்க்காமல். கீழ் லயமும் மேல் லயமும் அந்த வாரத்தில் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

முஸம்மில் த்ரீவீலருக்குள்ளிருந்து ஒரு போத்தலையும் கந்தல் துணியையும் எடுத்தார். “பச்சைப் பெயின்ட் மிச்சம் ஈக்கு. அழிக்கிறதுன்னா மூணு எடத்துல அழிக்கணும். விடுறதுன்னா விடுங்க. ஒரு முடிவச் செல்லுங்க. அஸர் தொழுகைக்கு முன்ன நான் உக்குவளை போய்ச் சேரணும்.”

“காத்தாயி அக்கா, நீங்கதான் சொல்லணும்” என்றாள் டொறீன். “பேரு இப்ப ஒங்க பேரு.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை மண்ணுக்கு மேலே நின்றவளைத்தான் பார்த்தார்கள்.

காத்தாயி போர்டுக்கு முன்னால் வந்து நின்றாள். எழுத்துக் கூட்டித்தான் அவளுக்குப் படிக்க வரும். ‘சி’ முதல் ‘யி’ வரை உதடு அசையப் படித்தாள். அவள் பெயர். சந்தேகமே இல்லை. அந்தச் ‘சின்ன’ அப்படியே இருந்தால் கிறிஸ்தோபர் ஒன்றும் பேச முடியாது, நதா ஒன்றும் பேச முடியாது. படி உள்ள காலம் வரை அது அவளுக்கு மட்டும். அதை எடுத்தால் நாளைக்கே போட்டோ வந்துவிடும், நாடகம் வந்துவிடும். அவள் மூன்றில் ஒருத்தி ஆவாள். அதுவும் கடைசி ஆள்.

ஆனால் அந்தச் சொல். பதினெட்டு வயதில் தலையில் ஏற்றிவிட்ட சாக்கு. கொழுந்துச் சாக்கைக்கூட நிறுத்ததும் இறக்கிவிடலாம். இதை இறக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். இப்போது பெயின்ட் அடித்து, மூன்று பாஷையில், கல்லில் ஊன்றப் போகிறார்கள்.

“அழிங்க நானா” என்றாள்.

“அக்கா!” என்று கேங் முழுக்க அலறியது. “விட்டா ஒங்களுக்குன்னு நிக்கும்! அழிச்சா அவனுங்க தூக்கிட்டுப் போயிருவானுங்க!”

“எதத் தூக்கிட்டுப் போவானுங்க? எம் பேரு காத்தாயி. செத்தப்பறமும் சின்னவளாக் கெடக்க என்னால முடியாது.”

“மயினின்னா மயினிதான்!” என்று கிறிஸ்தோபர் கையைத் தட்டினான். “மனசு பெரிசு!”

“இருங்க தம்பி, நான் இன்னும் முடிக்கல.” அவள் திரும்பினாள். “நாளைக்கு மாத்தளை ஐயா வந்து, யாரும்மா காத்தாயின்னு கேப்பாரு. நான்தான் எந்திரிப்பேன். ரிப்பன் நான்தான் வெட்டுவேன்.”

“அது எப்படி?”

“பின்ன எப்படி? பேரு சொல்லிக் கூப்புட்டா யாராச்சும் பதில் சொல்லணுமில்ல. ஒங்க அத்தை எந்திரிச்சு வருமா? வந்தா சொல்லுங்க, கத்திரிக்கோல அது கையில குடுத்துட்டு நான் ஓடிருவேன்.”

கீழ் லயத்து ஆட்களே சிரித்துவிட்டார்கள். கிறிஸ்தோபர் மட்டும் சிரிப்பை விழுங்கினான். “போட்டோ?”

“வைங்க. மாலை நானே கட்டித் தர்றேன். பெரியக்கா என்னைய கைப்புடிச்சு கொழுந்து கிள்ளப் பழக்குனவங்க. நதா, நாடகமும் போடு. தம்புள்ளையிலருந்தே தூக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மூணு காத்தாயிக்கும் சேத்து எந்திரிச்சு நிக்கறது நான்.”

நதா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். கிறிஸ்தோபர் தலையைச் சொறிந்தான். சும்மா விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. கீழ் லயத்தில் போய்ப் பதில் சொல்ல வேண்டுமே.

“சரி மயினி. அப்ப எங்களுக்கு ஒண்ணு செய்யணும். கீழ் லயத்துக்குப் பின்னால தண்ணி ஓடறதுக்குக் கான் கட்டப் போறோம். ரோட்டுல கொட்டுற மணலப் பின்னால கொண்டுபோக ஆள் இல்ல. ஒங்க கேங் ஒரு ஞாயித்துக்கெழம வந்து சுமக்கணும்.”

“வர்றோம்.”

“எல்லாரும்.”

“எல்லாரும்.”

“அக்கா, எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்று கேங்கிலிருந்து ஒருத்தி முனகினாள்.

“கேட்டா வரமாட்டேன்னு சொல்லுவீங்க. அதான் கேக்கல.”

முஸம்மில் துணியை நனைத்து அழிக்கத் தொடங்கினார். சின்ன போனது. பொடி போனது. ஸ்மோல் போனது. பச்சையைப் பூசி முடித்ததும், பெயர் பலகையின் வலது பக்கம் ஒதுங்கி, இடது பக்கம் மொட்டையாக நின்றது. அவருக்கு அது பொறுக்கவில்லை. “ஒரு படம் போட்டுத் தாறன், சும்மா” என்று வெள்ளையில் எதையோ வரைந்தார். எழுத்து வந்த அளவுக்கு அவருக்குப் படம் வராது. உருண்டையாக, வாய் அகலமாக ஒன்று வந்தது.

“கூடை! அத்தையோட கூடை!” என்றான் கிறிஸ்தோபர்.

“தண்ணிக் கொடம். வழிநடைக்குக் கொண்டுவந்தது” என்றாள் நதா.

“மணல் சாக்கு” என்றது கேங்.

“என்னா நானா அது?” என்று செல்லச்சாமி கேட்டான்.

முஸம்மில் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, “நீங்க செல்றதுதான்” என்று சொல்லி த்ரீவீலரில் ஏறிவிட்டார்.

மறுநாள் ஐயா தாமதமாகத்தான் வந்தார். அதற்குள் வாழைத் தோரணம் வாடி, பிள்ளைகள் ரொட்டியெல்லாம் தின்று முடித்திருந்தார்கள். படியின் கீழே பெரிய காத்தாயியின் போட்டோ மாலையோடு இருந்தது. அடையாள அட்டையிலிருந்து பெருசாக்கிய படம். யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரியே முறைத்துக்கொண்டிருந்தாள். நாடகத்தில் வழிநடைக் காத்தாயியாக நடித்த பிள்ளை, முதுகிலிருந்த பிள்ளையின் பாரம் தாங்காமல் தம்புள்ளையிலேயே உட்கார்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து சிரிக்க, சனமும் சேர்ந்து சிரிக்க, நாடகம் அங்கேயே முடிந்தது. நதாவுக்கு மட்டும் அழுகை வந்தது, பிறகு அவளும் சிரித்தாள்.

ஐயா போர்டைப் படித்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார், காத்தாயி என்பது யார் என்று.

காத்தாயி முன்னால் வந்தாள். சிவப்புச் சேலை, புதுச் செருப்பு. “மம தமயி மாத்தயா” என்றாள். நான்தான் ஐயா. மெத்தை நாற்காலியையும் சேற்றையும் அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. “நல்லது, நல்லது” என்றார். பிள்ளைக்காம்பராவில் இருந்து கொண்டுவந்த கத்திரிக்கோல் ரிப்பனை மென்றதே தவிர வெட்டவில்லை. காத்தாயி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் ரிப்பனைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள். அறுந்தது. மேளதாளம் கிளம்பியது.

அன்று சாயங்காலம் வரை ஆட்கள் வேலையே இல்லாமல் படியில் ஏறினார்கள், இறங்கினார்கள். மேல் லயத்தில் வருஷக்கணக்காக ரோட்டுக்கு வராதவர்கள், இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, ஒவ்வொரு படியாக இறங்கி வந்து கடையில் பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்ப ஏறினார்கள். ஒருவரும் விழவில்லை. செல்லச்சாமிதான், விழாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்வது பழக்கமில்லாத வேலையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஏறினான்.

திங்கட்கிழமை விடியலில் தூறல். பெரட்டுக்களத்தில் எல்லோரும் தலையில் பொலித்தீன் கட்டி நின்றார்கள். ஷியாம் பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் வாயைத் திறந்தவன், “சின்…” என்று தொடங்கி, இருமி, நிறுத்தினான்.

“காத்தாயி.”

பதில் இல்லை. கேங் திரும்பிப் பார்த்தது. அவள் முன்வரிசையிலேயே நின்றாள். முகத்தில் மழைத் தண்ணீர் வழிய, வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

“காத்தாயி!”

அப்போதும் இல்லை.

“அக்கா, இருக்கீங்கதானே? காத்தாயீ!”

“இருக்கேன் தம்பி, இருக்கேன்” என்றாள் அவள். “மொதத் தடவையே கேட்டுருச்சு. நல்லா இருந்துச்சு, அதான்.”

பெரட்டே சிரித்தது. ஷியாமும் சிரித்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போனான். அன்றைக்கு மலையில் கொழுந்து எடுத்தபோது முழங்கால் வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வலித்தது. அது பாட்டுக்கு வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கீழ் லயத்துக் கானுக்கு மணல் வந்து ரோட்டோரத்தில் குவிந்துவிட்டது. முதல் ஞாயிறு மழை கொட்டியது. அடுத்த ஞாயிறு மேல் லயத்தில் ஒரு கல்யாணம். அதற்கடுத்தது தேர். கிறிஸ்தோபர் டிராக்டரில் போகும்போதெல்லாம் தலையை வெளியே நீட்டி, “காத்தாயி மயினி, மணல்!” என்று கத்துகிறான். “வர்றோம், வர்றோம்!” என்று மலையிலிருந்து கேங் முழுக்கப் பதில் சொல்கிறது.

இன்னும் போகவில்லை. கீழ் லயத்துக்கு மேல் லயத்துக் கேங் செய்ய வேண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மணல் சுமை பாக்கி.